சுண்டுவிரலம்மா

விட்டோமா, விடலையா? பார்த்தது ஞாபகமிருக்கிறது. தாழ்ப்பாள் மாதிரி இருக்கிற போல்ட்டைப் பின்னால் இழுத்தது, அது கடக்கென்று வந்து நின்றது, துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் தோட்டா போய் உட்காரும் குழிக்குள் எட்டிப் பார்த்தது, எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் சுண்டுவிரலை உள்ளே விட்டோமா இல்லையா என்பது மட்டும் பிடிபடமாட்டேன் என்கிறது. மேடையில் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் முத்துப்பேச்சி மடியில் கிடந்த வலதுகையை மெல்லத் திருப்பித் தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்தால் விடவில்லை என்றா அர்த்தம்? விட்டிருந்தால் நுனியில் கறுப்பாக எண்ணெயும் கரியும் ஒட்டியிருக்கும், அது சரி. ஆனால் எட்டரை மணிக்குப் பொங்கல் வடை தின்றுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவியாயிற்றே. தின்பதற்கு முன்னாலும் கழுவியிருப்பாள், அது சின்ன வயதுப் பழக்கம். மூக்கைச் சொறிவதுபோல விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். சோப்பு வாசனை, அடியில் துளியூண்டு சாம்பார். துப்பாக்கி எண்ணெய் வாசனை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. முப்பது வருஷம் அந்த எண்ணெயோடு கிடந்த மூக்குக்கு எங்கே போனாலும் அந்த வாசனைதான், இதை நம்பி என்ன செய்ய. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

எல்லாம் அந்தப் போன் வந்து கெட்டது. காலை ஏழு மணிக்கு ஆயுதக் கிடங்கு ஏட்டு கொண்டல்சாமி அந்தத் துப்பாக்கியைப் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "பாத்துட்டேம்மா, சுத்தமா இருக்கு" என்றார். சரி என்றாள். என்றுவிட்டுத் தானே எடுத்துத் திறந்தாள். கொண்டல்சாமிமேல் சந்தேகப்பட்டு இல்லை, அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தப் பயிற்சிப் பள்ளியில் அது அப்படித்தான். இழுத்தாள், எட்டிப் பார்த்தாள், போன் அடித்தது. டி.ஐ.ஜி. முகாம் அலுவலகத்திலிருந்து. "ஐயா நாற்காலிக்கு வெள்ளைத் துண்டு போட்டாச்சா?" "போட்டாச்சு சார்." "சாதாத் துண்டா, டர்க்கி டவலா?" "டர்க்கி டவல்தான் சார்." "புதுசா?" புதுசுதான், நேற்று சாயங்காலம்தான் கடையில் வாங்கி விலைச்சீட்டைக்கூட அவளே கிழித்தாள். போன் இடதுகையில். அப்போது வலதுகை என்ன செய்துகொண்டிருந்தது? அதுதானே கேள்வி. வலதுகை சும்மா இருந்திருக்காது, அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கும். போல்ட்டை மூடிய சத்தம் காதில் இருக்கிறது. மூடியிருக்கிறாள் என்றால் விரல் விட்டுத்தான் மூடியிருப்பாள். விரல் விடாமல் அவள் என்றைக்கு மூடினாள்? இதை யோசிக்கும்போது விரல் உள்ளே போய்க் குளிர்ந்த இரும்பைத் தொடுவதுகூடத் தெரிகிறது. ஆனால் அது இன்று காலைத் தொடுகையா, நேற்றையதா, பத்து வருஷத்துக்கு முந்தியதா? ஆயிரக்கணக்கான தடவை செய்த வேலையில் ஒரு தடவையை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது? வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினவள் பூட்டினோமா என்று நினைக்கிற கதைதான். வீடு பூட்டாமல் கிடந்தால் நாலு பாத்திரம் போகும், அவ்வளவுதானே.

மைக்கில் டி.ஐ.ஜி. பேசிக்கொண்டிருந்தார். நல்ல கனத்த குரல். பந்தலுக்குப் பக்கவாட்டில் சுடுதளத்தின் செம்மண் மேடு, அதன்மேல் நாலு பனை. இன்று காலை பத்து மணிக்குத் திரையை விலக்கி அந்தத் தளத்துக்கு அமலோற்பவம் துப்பாக்கி சுடுதளம் என்று பெயர் வைத்தாயிற்று. செத்து எட்டு மாசம் ஆன ஒரு வாத்தியாரம்மாவுக்கு இந்த அளவுக்குச் செய்தது பெரிய காரியம்தான், அதற்குப் பேச்சி அவள் உயிரோடிருந்தபோதே தொடங்கி மூன்று வருஷம் மனு எழுதினாள். இந்தப் பள்ளியில் துப்பாக்கி சொல்லிக்கொடுத்த முதல் பொம்பளை அமலோற்பவம். ஆம்பளைகள் குத்தகைக்கு எடுத்த மாதிரி வைத்திருந்த வேலை. மேடைக்கு முன்னால் ஒரு சின்ன மேசை, பச்சை விரிப்பு, அதன்மேல் செவ்வந்தி மாலை போட்டு அந்தத் துப்பாக்கி. கட்டையில் நாற்பத்தொன்று என்று வெள்ளைப் பெயிண்டில் நம்பர். அமலோற்பவம்மா இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தினது இதை வைத்துத்தான், அதனால் இதைத்தான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் பேச்சிதான். கண்காட்சிக்கென்று ஓட்டை போட்டுச் செல்லாக்காசாக்கின துப்பாக்கி இரண்டு கிடங்கில் கிடந்தது. அதில் ஒன்றை வைத்துத் தொலைத்திருக்கலாம். நாற்பத்தொன்று இன்னும் சுடுகிறது. நேற்று மத்தியானம்கூட ஊர்க்காவல் படைக்காரர்கள் வருஷாந்தரப் பயிற்சிக்கு அதில் சுட்டார்கள். அதில் ஒருத்தன், "வெடிக்கலம்மா, வெடிக்கலம்மா" என்று கத்தினான். அது நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா? தோட்டாவை வெளியே இழுக்கிற கொக்கி நாற்பத்தொன்றில் தேய்ந்துபோயிருக்கிறது. போல்ட்டை இழுத்தால் சில சமயம் போல்ட் மட்டும் வரும், தோட்டா உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். மேலாகப் பார்த்தால் கரிபிடித்த குழியும் ஒன்றுதான், கரிபிடித்த தோட்டாவின் பிட்டமும் ஒன்றுதான். அதிலும் கண்ணாடி இல்லாமல் பார்த்தால். ஐயையோ, கண்ணாடி. காலையில் கண்ணாடி போட்டிருந்தாளா? மேசை டிராயரில் அல்லவா இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி இல்லாமல் பத்திரிகைத் தலைப்புகூடத் தெரியாது அவளுக்கு. பார்த்தேன் பார்த்தேன் என்று இவ்வளவு நேரம் பெருமையடித்துக்கொண்டிருந்தாளே, என்னத்தைப் பார்த்தாள்?

"குறி தவறாத வீரமங்கை" என்றார் டி.ஐ.ஜி. கைதட்டினார்கள். பேச்சியும் தட்டினாள். குறி தவறாதவளாம். அம்மாவின் சுடும் மதிப்பெண்ணைப் பார்த்திருக்கிறாரா இவர்? தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேலே இரண்டு, மூன்று. ஒரு வருஷமும் அதைத் தாண்டினது கிடையாது. அந்தக் காலத்து ஆம்பளை வாத்தியார்கள் சிரிப்பார்கள், தனக்கே சுடத் தெரியாதது மற்றவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டது என்று. சுண்டுவிரலம்மா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் துப்பாக்கியைக் கையில் வாங்கினதும் திறந்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கறுத்த நுனியை மேலே தூக்கிக் காட்டி "காலி!" என்று கத்தவேண்டும். நாற்பது பெண்கள் வரிசையாக நின்று சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும். எல்லாரும் ஒன்றுக்குப் போகக் கேட்கிறார்கள் என்று நடித்துக்காட்டுவான் ஒரு வாத்தியார். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. "அவ பாத்தது அவ கையி. நீ பாத்ததுதாண்டி உன் கையி" என்பாள். ஒருத்தி பார்த்துக் கொடுத்ததை வாங்குகிறவள் மறுபடி பார்க்கவேண்டும், எஸ்.பி.யே கொடுத்தாலும் பார்க்கவேண்டும். ஏன் இந்தச் சுண்டுவிரல் என்பதற்கு ஊரில் பல கதை. அண்ணன் ஒருத்தன் துப்பாக்கி வெடித்துச் செத்தான், அதிலிருந்து இப்படி என்றார்கள். காதலன் என்றும் சொன்னார்கள். பேச்சி ஒரு நாள் கேட்டேவிட்டாள், அம்மா ரிடையராகி வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. "ஒருத்தனும் சாகலட்டி. எனக்குக் கண்ணு தெரியாது" என்றாள் அம்மா. சின்ன வயதிலிருந்தே மங்கல் பார்வை. போலீசில் சேரும்போது டாக்டர் அறைக்கு வெளியே நின்று, முன்னால் போன பெண்கள் எழுத்துப் பலகையைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு உள்ளே போய் ஒப்பித்துவிட்டாள். துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். விரலை விட்டுப் பார்த்தாள். "எனக்குன்னு வச்சுக்கிட்ட வழி. பெறவு பாத்தா கண்ணு உள்ளவளுக்கும் அதான் நல்லதுன்னு தெரிஞ்சிது." கீரைக்காம்பை ஒடித்துப் போட்டாள். "நான் செத்த பெறவு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க. இப்பம் சொல்லிராத, பென்சன்ல கை வச்சிருவானுவ." குறி தவறாதவளாம். பேச்சிக்கு எழுந்து போய் மைக்கைப் பிடுங்கலாம்போல வந்தது.

எழுந்து போவது எங்கே, இங்கே உட்கார்ந்த இடத்தில் வேர்த்துக்கொண்டிருக்கிறது. மேசை எத்தனை தூரம்? பத்து எட்டு. இரண்டு படி இறங்கவேண்டும். டி.ஐ.ஜி. பேசும்போது மேடையிலிருந்து எழுந்தவர் யாரும் இதுவரை இல்லை. போன மாசம் அணிவகுப்பில் கொட்டாவி விட்ட போலீஸ்காரனுக்கு மெமோ கொடுத்த மனுஷன் இவர். ஒரு சீட்டு எழுதிக் கொண்டல்சாமிக்கு அனுப்பலாமா? கொண்டல்சாமி பந்தலின் அந்தக் கோடியில் காபி அண்டாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சீட்டு போவதென்றால் நிகழ்ச்சியைத் தொகுத்துப் பேசுகிற அம்மாள் கை வழியாகப் போகவேண்டும், அவள் வந்த சீட்டையெல்லாம் மைக்கில் படித்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன்புதான் யாரோ ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னதைப் படித்தாள். நாற்பத்தொன்றில் தோட்டா இருக்கிறதா பார்க்கவும் என்று அவள் அதைப் படித்தால் பந்தலே காலியாகிவிடும். ஒன்றும் இருக்காது, சும்மா இரு. நேற்றுச் சுட்டு முடித்ததும் பேச்சியின் ஆட்களே பார்த்திருப்பார்கள். கொண்டல்சாமி பார்த்திருக்கிறார். அவளும் பார்த்திருக்கிறாள். மூன்று பேர் பார்த்தபின்னும் என்ன. என்ன என்றால், மூன்று பேரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று மேலாகப் பார்த்திருந்தால்? கையைத் தொடையில் துடைத்தாள். அவளை அவளுக்குத் தெரியாதா என்ன. பயிற்சிக்கு வந்த இரண்டாவது வாரம், நல்ல சளிக் காய்ச்சல், விரலை இரும்பில் விடவே பிடிக்காமல், எண்ணெய் டப்பாவில் முன்கூட்டியே சுண்டுவிரலைத் தொட்டு வைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் திறந்து மூடி, விரலைத் தூக்கிக் "காலி!" என்று கத்தினவள் அவள். அம்மா வரிசையில் வந்தாள். ஒவ்வொரு விரலையும் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பாள், அது ஏன் என்று அப்போது தெரியாது. பேச்சியின் விரலைப் பிடித்தாள். மற்றவர்கள் விரலெல்லாம் கறுப்பு, இவளுடையது தேன் மாதிரி மினுமினுப்பு. பேச்சியின் துப்பாக்கியை வாங்கி, திறந்து, பேச்சியின் விரலைத் தன் கையால் பிடித்து உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே எடுத்தாள். "இப்பம் சொல்லு" என்றாள். பேச்சிக்கு அழுகைதான் வந்தது. அதை அம்மா ஒருத்தியிடமும் சொல்லவில்லை, பிறகு ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டவும் இல்லை. ஆனால் பேச்சிக்குத் தெரியுமே. ஒரு தடவை ஏமாற்றின கை, இன்று காலை வெள்ளைத் துண்டைப்பற்றிப் பேசிக்கொண்டே மறுபடி ஏமாற்றியிருக்காது என்று யார் சொல்ல முடியும்?

மேசை விரிப்பில் துப்பாக்கியை எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தாள். காலையில் செம்மண் மேட்டைப் பார்த்துத்தான் வைத்தாள், அது சத்தியமாக ஞாபகமிருக்கிறது. போட்டோக்காரன் நம்பர் தெரியவில்லை என்று மேசையோடு திருப்பிவிட்டான் போலிருக்கிறது. குழல் இப்போது நேரே முன்வரிசையைப் பார்த்தது. முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி. அதில் அம்மாவின் தங்கை ஞானசௌந்தரி உட்கார்ந்திருந்தாள், எழுபத்தாறு வயது, சத்துணவுக்கூட அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் ஆகாத அக்காவுக்குக் கடைசிவரை கஞ்சி காய்ச்சி ஊற்றினவள். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை, பையின்மேல் இரண்டு கையும். குழலின் ஓட்டை அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகாது, யாரும் தொடாத துப்பாக்கி தானாக வெடிக்காது, நாலு நாள் அப்படியே கிடந்தாலும் வெடிக்காது. யாரும் தொடாதவரைக்கும். காற்று அடித்தது, செவ்வந்தி மாலை கொஞ்சம் நழுவியது. போல்ட்டின் பின்பக்கம் தெரிந்தது. அதன் வால் ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் இறங்கவில்லை, விசையைத் தொட்டால் அடிக்கத் தயாராக நிற்கிறது. பார்த்து முடித்து மூடினபிறகு மேட்டைப் பார்த்து விசையை ஒரு தடவை அமுக்கி ஸ்பிரிங்கை இறக்குவதோடுதான் பாடம் முடியும். காலையில் பாடம் முடியவில்லை. அப்படியானால் பாதியில் எங்கே விட்டாள், விரலுக்கு முன்னாலா, விரலுக்குப் பின்னாலா?

இந்தப் பயம் அவளுக்குத் தெரியும், ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில், ஒரு சிறைவாசலில் காவல் பாரா மாற்றும்போது. பாரா முடித்துப் போகிறவள் துப்பாக்கியை நீட்டிக் "காலிதான், வாங்குக்கா, பஸ்சு போயிரும்" என்றாள். வாங்கித் திறந்து விரலை விட்டாள். விரல் போகவில்லை. குழி இருக்கவேண்டிய இடத்தில் பித்தளை தட்டுப்பட்டது. எதிரே ஐந்தடியில் மனுப் போட்டுக் கைதிகளைப் பார்க்க வந்த ஜனங்கள், கைக்குழந்தைகள், தூக்குவாளிகள். தோட்டாவை எடுத்து ஒப்படைத்துவிட்டு, பாரா முடிந்ததும் பெட்டிக்கடையிலிருந்து அம்மாவுக்குப் போன் பண்ணினாள். முழுவதையும் சொல்லி முடித்தாள். பிறகு அம்மா, "சரி. சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கைக்குழந்தைகளுக்கு இன்று இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், தங்களுக்கு என்ன நடக்கவில்லை என்று அதுகளுக்குத் தெரியாது. அம்மாவிடம் படித்து வெளியே போனவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல், அந்தச் சுடுதளத்தில் இருபத்தாறு வருஷத்தில் ஒருத்திக்கு நகக்கீறல் கிடையாது. அதைச் சொல்ல இந்த மைக்கில் ஆள் இல்லை, குறி தவறாதவளாம். நடக்காத ஒன்றைக் காட்டிக் கைதட்டு வாங்க முடியுமா? நடந்தால்தான் பத்திரிகைக்காரனும் வருவான். அம்மா பேர் வைத்த அன்றைக்கு, அம்மா துப்பாக்கியிலேயே, அம்மா தங்கச்சிக்கே நடந்தால் நன்றாக வருவான். சட்டையின் உள்பக்கம் முதுகு நனைந்து ஒட்டியது. உரை எழுதிவைத்த இரண்டு தாளும் மடியில் கசங்கியது.

"இந்தச் சரித்திரத் துப்பாக்கியை இப்போது நானே என் கையால் எடுத்து, அந்த வீரமங்கையின் சகோதரியார் கரங்களில் கொடுக்கிறேன்" என்றார் டி.ஐ.ஜி. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை, எல்லாப் பேச்சும் முடிந்தபின் போட்டோ என்றுதான் இருந்தது. அவர் மைக்கை விட்டு இறங்கிவிட்டார். போட்டோக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். ஞானசௌந்தரியை யாரோ எழுப்பி நிறுத்தினார்கள், அவள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இப்போது சொல்லலாமா? ஐயா ஒரு நிமிஷம் என்று காதில் போய் மெதுவாகச் சொல்லலாமா? இத்தனை பேர் முன்னால், ஒன்றும் இல்லாமல் போனால், பயந்தாங்கொள்ளி, சுண்டுவிரலம்மா சிஷ்யை என்று கிண்டல், மெமோ, இந்த வயதில் இது தேவையா, ஒன்றும் இருக்காது, கொண்டல்சாமி பார்த்தார், கொண்டல்சாமி பார்த்தது கொண்டல்சாமி கை. டி.ஐ.ஜி. மாலையை ஒதுக்கினார். துப்பாக்கியைத் தூக்கினார். போட்டோவுக்குத் தூக்குகிறவர்கள் எல்லாரும் எப்படித் தூக்குவார்களோ அப்படித்தான் தூக்கினார், ஆள்காட்டி விரல் நேரே விசை வளையத்துக்குள் போய் உட்கார்ந்தது. குழல் ஞானசௌந்தரியின் வயிற்றைப் பார்த்தது. "வெக்கப்பட்டு ஒருத்தியும் செத்ததில்லட்டி" என்பாள் அம்மா, சுடுதளத்தில் யார் வேண்டுமானாலும் யாரைப் பார்த்து வேண்டுமானாலும் கத்தலாம், கடைசி வரிசைக்காரி கமாண்டரைப் பார்த்துக் கத்தலாம், கத்தினால் எல்லாரும் நிற்கவேண்டும்.

"நிறுத்து!"

தன் குரல்தான் அது என்று பேச்சிக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. மைக் இல்லாமல் மேட்டில் மோதித் திரும்பி வந்தது. பந்தலில் ஓய்வுபெற்ற பெண் போலீஸ்கள் நூறு பேராவது இருப்பார்கள், எல்லாருடைய கையும் மடியிலிருந்து எழுந்து அப்படியே அந்தரத்தில் நின்றது, காபி டம்ளரோடு இருந்தவள் டம்ளரோடு நின்றாள். டி.ஐ.ஜி.யும் நின்றார். அவரும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு மேட்டுக்கு முன்னால் படுத்துச் சுட்டவர்தானே. "விரலை வெளிய எடுங்கய்யா" என்றாள் பேச்சி. எடுத்தார். இரண்டு படியையும் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள், குழலைச் செம்மண் மேட்டுக்குத் திருப்பினாள், போல்ட்டை இழுத்தாள். ஒன்றும் வெளியே வந்து விழவில்லை. அது ஒன்றும் சாட்சி இல்லை, கொக்கி தேய்ந்தது. பார்த்தாள். இருட்டாக இருந்தது, கண்ணாடி இப்போதும் டிராயரில்தான். சுண்டுவிரலை விட்டாள். போயிற்று. முதல் கணு வரைக்கும், இரண்டாவது கணு வரைக்கும் தடையில்லாமல் போயிற்று. குளிர்ந்த வெறும் இரும்பு, உள்ளே நரநரவென்று கரி. ஒரு சுற்றுச் சுற்றினாள். கட்டைவிரலால் தோட்டாப் பெட்டியை அமுக்கிப் பார்த்தாள், அதிலும் ஒன்றுமில்லை. கறுத்த சுண்டுவிரலை மேலே தூக்கினாள். அவள் கத்துவதற்கு முன்னாலேயே மூன்றாவது வரிசையிலிருந்து அவளோடு பயிற்சி முடித்த தவமணி, முழங்கால் வலிக்காரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே "காலி!" என்று கத்தினாள். பிறகு பந்தல் முழுக்கக் கத்தியது.

டி.ஐ.ஜி.யின் முகம் சிவந்திருந்தது. கோபமா வெயிலா என்று சொல்ல முடியவில்லை. "பாத்தாச்சில்ல? இப்ப கொடுக்கலாமா?" என்று கையை நீட்டினார். கொடுத்திருக்கலாம், அதோடு முடிந்திருக்கும். பேச்சிக்கே தெரியவில்லை எங்கிருந்து வந்தது என்று. "நான் பாத்தது என் கைங்கய்யா. நீங்களும் பாத்துட்டு வாங்கிக்குங்க" என்றாள். திறந்தபடியே நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், போட்டோக்காரர்களைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு, தடித்த சுண்டுவிரலை உள்ளே நுழைத்தார். பாதிதான் போயிற்று, நெருக்கி இன்னும் கொஞ்சம் விட்டார், வெளியே எடுத்தார். நுனி கறுத்திருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், நூறு கிழவிகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தயங்கித் தயங்கி விரலைத் தூக்கினார். "காலி" என்றார், மைக்கில் பேசின குரல் அது இல்லை. விசில் அடித்தாள் ஒருத்தி, சத்தியமாக அது தவமணிதான். ஞானசௌந்தரி துப்பாக்கியை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கெதுக்கு இது. அவளும் இப்படித்தான், படுக்கப் போகும்போது கேஸ் அடுப்பை மூணு தடவ தொட்டுத் தொட்டுப் பாப்பா, நான் பாத்துட்டேன்னு சொன்னாலும் கேக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சி துப்பாக்கியைத் திரும்ப வாங்கி, மறுபடி விரல் விட்டுப் பார்த்து, போல்ட்டை மூடி, விசையை மேட்டைப் பார்த்து அமுக்கினாள். டிக்கென்றது, வால் உள்ளே போயிற்று. குழல் மேட்டைப் பார்க்கத் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். காலையில் விரலை விட்டாளா இல்லையா என்பது இனி தெரியப்போவதில்லை, நாளைக்கு மெமோ வருமா வராதா என்பதும் இப்போது தெரியாது. டி.ஐ.ஜி. மேடைக்குப் போய் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் தேடிவிட்டு, நாற்காலி முதுகிலிருந்த புது டர்க்கி டவலில் விரலைத் துடைத்தார். வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அந்தக் கறை எத்தனை வெளுப்புக்கும் போகாது, அவளுக்குத் தெரியும். அடுத்ததாக அம்மையாரின் மாணவி இன்ஸ்பெக்டர் முத்துப்பேச்சி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மேடையேறி, நாற்காலியடியில் விழுந்து கிடந்த உரைத்தாளை எடுத்துப் பார்த்தாள். கசங்கிக் கிடந்தது, கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"அமலோற்பவம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்று ஆரம்பித்தாள்.